முதல் கேள்விக்குப் பயந்தவர்கள்

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்தேன், கிராம்பு வாசனை வந்தது. நீ போன பிறகு அந்த இழுப்பறையை நான் தொட்டதில்லை. நேரம் பார்க்க என் போனே போதுமாக இருந்தது. இன்று போனில் சார்ஜ் இல்லை, உன் ஸ்டாப்வாட்ச் வேண்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே உன் கிராம்பு டப்பா, மூடி சரியாக மூடாமல். பேச்சு வகுப்புக்கு முன்னால் ஒரு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தொண்டை கட்டாமல் இருக்கத்தான் என்று சொல்லுவாய். நான் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு இழுப்பறையை அவசரமாகத் தள்ளி மூடினேன். மாடிப்படியில் புது பேட்ச் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பேச்சு வகுப்பு நாளில் இப்போதெல்லாம் எனக்கு இட்லிகூட இறங்குவதில்லை.

சிரிக்காதே. உன் நாற்காலியில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது. அது வெறும் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் லேசாக வளைந்தது, எல்லாம் தெரியும். ஆனால் அதில் உட்கார்ந்தால் எதிரே ஒரு முகம் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும், பதில் வரும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கட்டுரை திருத்தத்தான் வரும். தாளில் சிவப்பு மையால் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுவேன். ஆளைப் பார்த்துப் பேசுவது உன் வேலையாகவே இருந்தது. பிள்ளைகள் பேர் வைத்ததே அப்படித்தானே, நீ பேச்சு மிஸ், நான் எழுத்து மிஸ்.

அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இருவரும் இந்த மாடியைப் பிடித்த நாளை நினைத்துக்கொள்கிறேன். கீழே பீங்கான் கடை. ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் வைக்கோலில் சுற்றிக் கிடக்கும், வைக்கோல் தூசி மேலேவரை ஏறி நமக்குத் தும்மல் வரவைக்கும். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் என்பதால் ரயில் அறிவிப்பும் கேட்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற நர்ஸுகளுக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று வைக்கிறார்கள், அதற்கு நம் பக்கத்துப் பெண்கள் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள், நாமே இங்கே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று நீதான் ஆரம்பித்தாய். உங்கள் மாதா கோயில் பங்கிலேயே நான்கைந்து நர்ஸுகள் இருந்தார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போதே அவர்களை மடக்கிப் பிடித்துவிட்டாய். "இவ எழுதச் சொல்லிக் குடுப்பா, நான் பேசச் சொல்லிக் குடுப்பேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஃபேனுதான் இருக்குது, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஊரில் உன்னைத் தைரியசாலி என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரோடு நீ போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? நீ எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது எனக்குத்தான் தெரியும். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ரயிலில் மேல் படுக்கைக்குப் பயம். புது ஆளிடம் ஆங்கிலத்தில் பேசப் போகிறாய் என்றால் உன் உள்ளங்கை ஐஸ் ஆகிவிடும். அத்தனை வருஷம் பேசிய பிறகும் ஆகும். வேறு யாராவது என்றால் அதை மறைத்து வைத்திருப்பார்கள். நீ அதையே பாடமாக்கிவிட்டாய்.

மாதிரிப் பரீட்சை அன்று எதிரில் உட்காரும் பெண்ணிடம் முதலில் கையைக் கேட்பாய். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு கை ஜில்லுன்னு இருக்குதோ அவங்கதான் மொதல்ல பேசணும். பேசினா தானா சூடு வந்துரும்" என்பாய். பாதி நாள் உன் கைதான் அதிகம் சில்லிட்டிருக்கும். அதனால் நீயே முதலில் பேசுவாய், உன்னைப் பற்றி, உன் வீட்டைப் பற்றி, காலையில் பால் பொங்கிப்போனதைப் பற்றி. மிஸ்ஸே நடுங்கிக்கொண்டு பேசுவதைப் பார்த்து எதிரில் இருப்பவளுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிடும். இந்த விதி தெரிந்த பிறகு பிள்ளைகள் செய்த திருட்டுத்தனம் நினைவிருக்கிறதா? மாடிப்படியில் நின்று உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தி டீக்கடையிலிருந்து சூடான கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே மேலே வந்தாள். நீ கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பயமில்ல, டீ" என்றாய். அன்று வகுப்பே நடக்கவில்லை, சிரித்தே பொழுது போனது.

நீ கோபப்பட்டு நான் பார்த்தது மனப்பாட விஷயத்தில்தான். நம் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம் அது, கேள்வி எதுவானாலும் பதில் கைவசம் இருக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த மூன்று பெண்கள் போனில் ஏதோ வீடியோ பார்த்து, மறக்க முடியாத பயணம் என்ற கேள்விக்கு ஊட்டியை நெட்டுருப் போட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் பரீட்சை, ஒரே ஆள்தான் கேள்வி கேட்டார். மூன்று பேரும் அதே ஊட்டி, அதே மழை, அதே குட்டி ரயில், குடையைத் தொலைத்த அதே அப்பா. மார்க் எப்படி வரும்? "ஊட்டி எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாதவளுங்க, அங்க பேஞ்ச மழையச் சொல்றாளுங்க. ஏன், ஸ்ரீமுஷ்ணத்துல மழையே பேயலியா?" என்று நீ கத்தியதில் கீழே பீங்கான் கடைக்காரர் என்ன உடைந்தது என்று கேட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகாத ஊரைப் பற்றி யாரும் பேசக்கூடாது, தெரிந்ததைத்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டாய். செராமிக் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவைப் பற்றி ஒருத்தி பேசினாள். சூளைக்குள் அடுக்கும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் எப்படி வைப்பார்கள் என்று அவள் திக்கித் திக்கிச் சொன்னதை நான் கட்டுரை திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

கலைவாணி நம்மிடம் வந்தது அதற்கு அடுத்த பேட்ச். கம்மாபுரத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம், அங்கிருந்து ஸ்கூட்டியில் வருவாள். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. யூனிஃபார்ம் மேல் ஒரு பழைய சட்டை போட்டு, முகத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு வந்து இறங்குவாள். துப்பட்டாவை உதறினால் சுரங்கத்துப் பக்கத்து மண் கொட்டும். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது, இந்தப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விடும் என்று வருஷக்கணக்காகப் பேச்சு. அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எப்போது என்று யாருக்கும் தெரியாது. "அதுக்குள்ள நான் போயி சம்பாரிச்சி டவுன்ல ஒரு எடம் வாங்கிடணும் மிஸ். எங்கம்மா வேற ஊருக்கு வாடகைக்குப் போவாது, செத்துரும்" என்று முதல் நாளே சொன்னாள்.

எழுதுவதில் கெட்டிக்காரி. கேட்டு எழுதுவதிலும் குறை இல்லை. அவளுக்கு இருந்த கண்டம் பேச்சில், அதுவும் முதல் கேள்வியில். பரீட்சையிலேயே லேசான கேள்வி அதுதான், பிள்ளைகளின் பயம் தெளியட்டும் என்று கேட்பது, உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. எல்லோரும் அதில் சூடு பிடித்து அடுத்த கேள்விக்குப் போவார்கள். இவள் அங்கேயே நின்றுவிடுவாள். வாய் திறக்கும், சத்தம் வராது. இரண்டு முறை சென்னைக்குப் போய் இரண்டு முறையும் அந்த ஒரு கேள்வியில் விழுந்து, பிறகு எழுந்திருக்க முடியாமல் திரும்பி வந்தாள். ஏன் என்று நீ கேட்டதற்கு அவள் சொன்னது, "நல்ல ஊரு, அழகா இருக்கும்னு சொன்னா பொய்யி சொல்ற மாதிரி இருக்குது மிஸ். நெஜத்தச் சொன்னா அழுதுருவேன். அங்க போயி அழுதா மார்க்கு போயிரும்ல?"

நீ அவளுக்குப் பதில் எதுவும் தயார் செய்து கொடுக்கவில்லை. கேள்வியைக் கேட்பாய், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாய். அவளும் சும்மா இருப்பாள். வெளியே ரயில் வரும், நிற்கும், போகும். பக்கத்து மேசையில் எனக்கு உடம்பெல்லாம் கூசும். யாராவது ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும். பேனாவைக் கீழே போடுவேன், இருமுவேன், ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே அவளுக்கு முதல் வாக்கியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் போன பிறகு நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஏண்டி நடுவுல பூந்து கெடுக்கற? அவ யோசிக்கறா. யோசிக்கறவள யோசிக்க வுடேன்." எனக்கு அது யோசனையாகத் தெரியவில்லை. கிணற்றில் விழுந்தவளை மேலேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல்தான் தெரிந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு வகுப்பு எடுத்தாய். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று கலைவாணிதான் முதலில் சொன்னாள், நர்ஸ் அல்லவா. இங்கிருந்து கடலூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து புதுச்சேரி. நான் ஒவ்வொரு நாளும் பஸ் பிடித்து வந்தேன். வார்டுக்குள் நுழைந்து உன் கட்டிலில் நீ இருப்பதைப் பார்த்தால்தான் மூச்சு வரும். வந்து உட்கார்ந்தால் பேச ஆரம்பித்துவிடுவேன். பேட்ச் எப்படிப் போகிறது, கரண்ட் எப்போது போனது, கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என்ன சாம்பார், எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். நிறுத்தினால் என்ன ஆகிவிடுமோ என்று கிலி. ஒரு மதியம் நீ கண்ணைத் திறக்காமலேயே, "சும்மா இருடி கொஞ்ச நேரம். நீ பேசற பேச்சுல நான் மூச்சு வுடறது எனக்கே கேக்கல" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து உன் கையை என் கைமேல் வைத்தாய். கொதித்தது. அத்தனை வருஷத்தில் உன் கை சூடாக இருந்து நான் அறிந்ததில்லை. "பாத்தியா, இன்னிக்கி எனக்கு பயமே இல்ல" என்று சிரித்தாய்.

நீ பொய் சொன்னாய். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீ என்னிடம் அதிகம் பேசவில்லை.

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தபின் மாடியைப் பூட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் அண்ணன்கூட, "நீங்க ஒருத்தரா எப்படிங்க பாப்பீங்க, வுட்டுடுங்க" என்றார். சாவியைக் கடைக்காரரிடம் கொடுக்கப் படி இறங்கும்போது கலைவாணி வந்து நின்றாள். ட்யூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், கையில் ஊசி மருந்து வாசனை. "மிஸ், மூணாவது தடவ பணம் கட்டிட்டேன். அயர்லாந்துக்காரங்க இதுக்கு மேல காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்களாம், இந்தத் தடவ இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். பேச்சு மிஸ்தான் இல்ல. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்." எனக்கு வராது என்று எப்படிச் சொல்ல? சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு மேலே ஏறினேன்.

உன் நாற்காலியில் முதல் முறை உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கையைப் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தை நான் செய்யவில்லை. என் கை சில்லிட்டிருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று இரண்டு கையையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன். உன் ஊரைப் பற்றிச் சொல் என்று அவளைக் கேட்டேன். அவள் பேசவில்லை. நீ இருந்த இடத்தில் நீ இல்லை, எதிரே ஒருத்தி பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வார்டு மதியம் அப்படியே திரும்பி வந்தது. என்னால் முடியவில்லை. எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். அவளுக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். நான் விருத்தாசலத்தில் வசிக்கிறேன், எங்கள் ஊர் பீங்கானுக்குப் பேர் போனது, பழமையான சிவன் கோயில் உண்டு, மாசி மகத்துக்குக் கூட்டம் தாங்காது, ரயில் நிலையம் இருப்பதால் போக்குவரத்துக்குக் குறை இல்லை. நல்ல ஆங்கிலம், பிழை இல்லாத ஆங்கிலம். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இது டவுனு மிஸ். எங்க ஊரு இல்லியே" என்றாள். "நீ இங்கதான வேல பாக்கற, பொய்யில்ல, சொல்லு" என்றேன். மறுநாள் அதைத் தண்ணீராக ஒப்பித்தாள். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் வந்தது. எனக்கு உயிர் வந்தது. நீ இருந்திருந்தால் ஊட்டிக்குப் போட்ட சத்தத்தைவிடப் பெரிதாகப் போட்டிருப்பாய். தெரிந்துதான் செய்தேன்.

பரீட்சைக்கு அவளோடு சென்னைக்கு நானும் போனேன். விடியக்காலை ரயில். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவள் விழுப்புரம்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு வார்த்தை தட்டினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பரீட்சை நடக்கும் இடத்தில் செக்யூரிட்டி என்னை வெளியே நிறுத்திவிட்டார். அவளுடைய போன், வாட்ச், தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய காகிதம்வரை கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன், சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எதிர் நடைபாதையில் மரத்தடியில் நின்றேன். அங்கே இன்னும் சில அம்மாக்கள், அப்பாக்கள். ஒரு அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை. அவள் மறந்துபோய் நின்றுவிட்டால் என்ன செய்வாள், நான் எழுதிக் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும், அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. வாங்கிய டீயைக் குடிக்க முடியாமல் மரத்தடியில் ஊற்றினேன்.

அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "மொதல்ல எங்கியாவது உக்காரலாம் மிஸ்" என்றாள். ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். மறுபடி கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளாகச் சொன்னாள்.

"மொதக் கேள்வியே அதான் மிஸ். நீங்க குடுத்தத ஆரம்பிச்சேன். விருத்தாசலம்னு வாய் வரைக்கும் வந்துருச்சி, அதுக்கு மேல போவல. கேள்வி கேட்ட அந்தம்மா ஒண்ணும் சொல்லாம என்னியே பாத்துக்கிட்டு இருந்தாங்க, நம்ம பேச்சு மிஸ் பாப்பாங்களே, அதே மாதிரி. மேஜ மேல ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருந்துச்சி. நாம பேசறது அத்தினியும் அதுல பதிவாவுது, எங்கியோ வெளிநாட்டுல வெச்சிருப்பாங்க, இல்ல மிஸ்? அதுலகூட எங்க ஊரு பேரச் சொல்லாம வேற ஊரச் சொல்லிட்டு வந்துட்டன்னா, அப்பறம் எங்க ஊரு எங்கதான் இருக்கும்? அதான் சொல்லிட்டேன். எங்க ஊரு பேரு இதுன்னு சொல்லிட்டேன்."

"அப்பறம்?"

"நைட்டு ட்யூட்டி முடிச்சி வண்டில வரும்போது சுரங்கத்து லைட்டு தெரியும். அத வெச்சிதான் எங்க ஊருத் திருப்பத்துல திரும்புவேன். அந்த லைட்டு வருசா வருசம் கிட்ட வருதுன்னு சொன்னேன். எனக்குப் பயமா இருக்குதுன்னு சொன்னேன் மிஸ். அழுவல. கொரலு மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சி, கடைசி வரைக்கும் நிக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குக்கூட இடம் இல்லாமல் பயம் அடைத்துக்கொண்டிருந்தது. நடுங்குகிற குரலுக்கு என்ன மார்க் போடுவார்கள்? திரும்பி வரும் ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடிவு வரும்வரை எனக்கு நல்ல தூக்கம் இல்லை.

முடிவு வந்தது. வேண்டிய மார்க், அதற்கு மேல் ஒரு சொட்டு கூட இல்லை. ஆனால் வேண்டிய மார்க். அவள் துப்பட்டாவைக்கூட அவிழ்க்காமல் மாடிப்படி ஏறி வந்து சொன்னாள், நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பேச்சுக்காக மட்டும் அழவில்லை என்று அவளுக்கும் புரிந்திருக்கும். கண்ணைத் துடைத்துவிட்டு இருவரும் உன் நாற்காலியைப் பார்த்தோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"நான் கெளம்பறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்கு வந்து ஒரு வேள சாப்ட்டுப் போங்க மிஸ். எங்க ஊரு இருக்கும்போதே ஒரு தரம் வந்து பாத்துடுங்க."

இல்லாமல் போகப் போகும் ஒன்றை மறுபடி போய்ப் பார்க்க எனக்குப் பயம். வரமாட்டேன் என்று சொல்லக் காரணம் தேடினேன், அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். கம்மாபுரத்தில் அவள் ஸ்கூட்டியோடு நின்றாள். ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வீடுகளுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மண் மலை, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டியது. நெல் வயல் அதன் அடிவாரம்வரை பச்சையாகப் போகிறது. ஒரு வீட்டில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கப் போகிற ஊரில் எதற்குச் சுண்ணாம்பு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

கலைவாணியின் அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மீன் குழம்பு. பரிமாறிக்கொண்டே அந்த அம்மா என்னைக் கேட்டார், "எம் பொண்ணு அவ்வளவு தூரம் போயி, தெரியாத சனங்ககிட்ட, பயப்படாம இருக்குமாங்க டீச்சர்?"

உனக்குத் தெரியும், இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும், அங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். நாக்கு நுனிவரை வந்தது. கலைவாணி வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். பின்கட்டுக்கு அப்பால் அந்த மண்மேட்டின் மேல் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம், நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. அந்த வீட்டுக்காகப் பயமாக இருந்தது, அந்த அம்மாவுக்காகப் பயமாக இருந்தது, உன்னைப் போல் இவர்களும் ஒரு நாள் இல்லாமல் போவார்கள் என்று பயமாக இருந்தது. நான் ஒன்றும் பேசாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர்களும் பேசவில்லை, கெடுக்கவில்லை.

பிறகு சொன்னேன். "பயப்படுவாம்மா. பயந்துக்கிட்டே பேசிடுவா."

அந்த அம்மா தலையை ஆட்டினார். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

கலைவாணி அயர்லாந்துக்குப் போய்விட்டாள். அங்கே குளிர் தாங்கவில்லையாம். இன்று வகுப்பு முடிந்து புதுப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், நான் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் பயம் வந்தால் நான் எதையாவது பேசுவேன், இல்லையென்றால் உன்னிடம் ஓடி வருவேன். இப்போது ஓடி வர நீ இல்லை. பயம் வந்தால் அதோடு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன் பாடத்தில் எனக்கு இவ்வளவுதான் வந்திருக்கிறது.